விளிம்பில் இருந்த இருபத்திரண்டு

நமக்கு அருகிலுள்ள ஒரு சுருள் கேலக்ஸியில் எக்ஸ் கதிர் வீசும் புள்ளிகள் ஐம்பத்தேழைப் பட்டியலிட்டிருந்தேன். இருபத்திரண்டாவது மட்டும் ஆயிரம் விநாடிக்கு ஒருமுறை மங்கி ஒளிர்ந்தது. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன் என்று எழுதினேன். என் முதல் கட்டுரை. ஆராய்ச்சியில் இன்னும் ஓராண்டு நீட்டிப்பு கிடைப்பது அதை நம்பி இருந்தது. அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

கல்லூரியில் நான்கு நாளாக இணைய இணைப்பு இல்லை. உப்பளம் பகுதியில் ஆன்-மரி அக்காவின் பிரவுசிங் சென்டரில், அவர் எனக்காக லினக்ஸ் மென்பொருள் போட அனுமதித்த மூலைக் கணினியில் உட்கார்ந்து படத்தைக் கடைசியாகப் பார்த்தேன். இருபத்திரண்டு விளிம்பை ஒட்டி இருந்தது. நூறு தடவை பார்த்ததுதான்; அன்று உறுத்தியது. எதிர் விளிம்பில், மங்கல் என்று நான் ஒதுக்கிய நாற்பத்தொன்றாவது புள்ளி எத்தனை விநாடிக்கு ஒருமுறை மங்குகிறது என்றும் கணக்கிட்டேன்.

அதே ஆயிரம் விநாடி.

விண்வெளித் தொலைநோக்கி மெல்ல அசைந்தபடியேதான் பார்க்கும். ஓர் அசைவுக்கு ஆயிரம் விநாடி. விளிம்பிலுள்ள புள்ளி ஒவ்வோர் அசைவிலும் படத்துக்கு வெளியே போய்த் திரும்பும்; மங்கி ஒளிர்வதுபோலத் தெரியும். கையேட்டில் படித்திருக்கிறேன். ஏழு மாதம் அதை நினைக்காமலிருக்க என் ஆசை போதுமாயிருந்தது. முதலில் வெட்கம் வந்தது. அது அடங்கியதும் ஃபோனை எடுத்து, இருபத்திரண்டை இரட்டை விண்மீன் என்று சொல்ல முடியாது என்றேன்.

"தலைப்பே அதுதானேம்மா," என்றார் வழிகாட்டி புருஷோத்தமன் சார். "அனுப்பிடு. கேட்டாங்கன்னா திருத்திக்கலாம்."

"எடுத்துட்டுதான் சார் அனுப்புவேன்."

"எடுத்துட்டா என்ன இருக்கு அதுல?"

"அம்பத்தேழு புள்ளி இருக்கு சார்."

"ஆறு மணி. ஞாபகம் வச்சுக்க," என்று வைத்துவிட்டார்.

"என்னடி சங்கரி, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார் அக்கா.

"தப்பு பண்ணிட்டேங்க்கா."

"எத்தினி தூரத்துல இருக்கு, நீ பாக்கற அந்தப் புள்ளி?"

"வெளிச்சம் வர்றதுக்கே ஒரு கோடி வருஷத்துக்கு மேல ஆவும்."

"மோன் தியூ, கடவுளே! அப்ப சாயந்திரத்துக்குள்ளன்னு உன்ன எவன் வெரட்டறான்?"

சிரித்துவிட்டேன். தலைப்பை மாற்றினேன். மூன்று பக்கங்களை வெட்டினேன். ஒவ்வொரு புள்ளியும் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அட்டவணையில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். இளைத்துப்போன கட்டுரை ஐந்தே முக்காலுக்குப் போனது. நீட்டிப்பு கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் இருபத்திரண்டு நடுவில் விழுந்திருக்கும் பழைய படம் ஒன்று இருந்தது. அதிலும் மங்கி ஒளிர்கிறதா என்று பார்க்க, அதைத் தேடிப் பிடித்து இறக்கத் தொடங்கினேன்.

"அக்கா, இந்த மிஷின் நாளைக்கும் வேணும். டவுன்லோடு மூணு நாள் ஆவும்."

"இதுல எவன் உட்கார்றான்? கருப்புத் திரையப் பார்த்தாலே ஓடிடறானுங்க."

சொல்லிக்கொண்டே, தொடாதீர்கள் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதித் திரைமேல் ஒட்டினார்.