மாடியிலிருந்து வந்த கஷாயம்

மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்தி, காலங்காத்தால கஷாயச் செம்போடு வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கீழ்வீட்டுத் தையல்காரிக்கும் வந்தது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் "நீங்க உருப்படவே மாட்டீங்க" என்று சாபம் விட்டுப் போனவள்தான் இந்த மாடிவீட்டுக்காரி.

"உன் புருஷன் இருமுறது மேல வரைக்கும் கேக்குது. பின்சுவர்ல படர்ந்திருக்கே, ஐவிக் கொடி, அதோட இலையைப் போட்டுக் காய்ச்சினேன். கடையில விக்கிற இருமல் சிரப்பும் இதே இலைதானாம்."

அளவெடுத்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? செம்பைப் பிடித்திருந்த கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை சிவந்து, கொப்பளித்திருந்தன.

"கையில என்னக்கா?"

"எண்ணெய் தெறிச்சிடுச்சு." செம்பைத் திண்டில் வைத்துவிட்டு விறுவிறுவென்று மாடியேறிவிட்டாள்.

இரண்டு கையிலும் ஒரே மாதிரியா எண்ணெய் தெறிக்கும்? கணவன் ஆசையாகக் கை நீட்டினான். "தொட்டீங்கன்னா பாருங்க!" என்று செம்பைப் பிடுங்கி, கஷாயத்தைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தாள்.

ஐவி இலை என்று கேட்டதும் கடைக்கார அம்மா மோந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "சிரப்புக்கும் இந்த இலைதான். ஆனா அது பக்குவம் பண்ணி, அளவு பார்த்து எடுத்த சாரம். பச்சை இலையைக் கையால கசக்கினா சிலருக்குத் தோல் கொப்பளிச்சிடும். வீட்டுல காய்ச்சிக் குடிச்சா வாந்தி, பேதி. அதோட காய் இன்னும் மோசம். யாராவது குடிச்சாங்களா?"

"நான் விடல."

"கொட்டிடுங்க. இருமல் இத்தனை நாள் நிக்கலன்னா, டாக்டர்கிட்ட காட்டுங்க."

வேண்டுமென்றே செய்திருக்கிறாள்! வீடு திரும்பியதும் நேரே மாடிப்படி ஏறினாள். கதவு திறந்தே கிடந்தது. குளியலறைத் தரையில் சுருண்டு உட்கார்ந்து, வாளியைப் பிடித்தபடி ஓங்கரித்துக்கொண்டிருந்தாள் ஓரகத்தி.

நாக்கு நுனி வரை வந்த வசவு அப்படியே நின்றுபோனது.

"நீங்களும் குடிச்சீங்களா?"

"நான் குடுத்தா நீ நம்பமாட்டியே. அதான் கைக்கு எண்ணெய்னு சொன்னேன். கேட்டா, நானும் குடிச்சேன்னு சொல்லலாம்னுதான்..."

அவளைத் தோளில் சாய்த்துக் கீழே இறக்கி, கணவனையும் கிளப்பிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினாள். ஓரகத்திக்கு வாந்தி நிற்க மருந்தும் கைக்குக் களிம்பும் கொடுத்தார்கள். கணவனை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க உள்ளே அழைத்துப் போனார்கள்.

பெஞ்சில் இருவர் மட்டும்.

"விஷம்னு நினைச்சியா?" என்றாள் ஓரகத்தி.

தையல்காரி தரையைப் பார்த்தாள். "நினைச்சேன்."

"நினைச்சதும் நல்லதாப் போச்சு," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவள் தோளில் சாய்ந்துகொண்டாள் மூத்தவள்.