கேக் உள்ளே போனதும்

காலையில் செய்த கேக்கும் நடுவில் அமுங்கிவிட்டது. ஓரமெல்லாம் பொன்னிறமாக எழும்பி நிற்க, நடுவில் பூனை படுத்து எழுந்த தலையணை மாதிரி ஒரு பள்ளம். எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டோடு தூக்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பேன். கீழே பல் டாக்டரின் கார் நின்றதால் விட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் குடியிருப்பில் பல வருடங்களுக்கு முன் ஒரு சமையல் புத்தகம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம், எழுதியவர் பெயரோடு. என் மனைவி கொடுத்தது ஆரஞ்சு கேக். அந்தப் புத்தகத்தை இப்போது மறுபடி அச்சிடப் போகிறார்கள். அதற்காகச் சனிக்கிழமைதோறும் நண்பர்கள் மாடி அறையில் கூடி, பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. இதுவரை அதைச் செய்தே பார்க்காத ஒருவர், புத்தகத்தில் உள்ளபடி செய்து, நன்றாக வந்தால்தான் புதுப் புத்தகத்தில் இடம். அந்தச் சட்டம் வந்தபோது பலமாகக் கைதட்டியவன் நான்தான்.

என் மனைவி போன வருடம் தவறிவிட்டாள். அவள் கேக்கை வேறு யாரும் தொடக் கூடாது என்று வீம்பாக நானே எடுத்துக்கொண்டேன். ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனை மாவும் முட்டையும் என்ன செய்துவிடும் என்ற திமிர். செய்யச் செய்யப் பள்ளம்தான். நண்பர்கள் நல்லவர்கள், "வாசனை நல்லா இருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். வாசனைக்காக யாரும் அச்சில் ஏற்ற மாட்டார்கள். இன்று சாயங்காலம்தான் கடைசி. இன்றும் அமுங்கினால் அவள் பெயர் இல்லாமல்தான் புத்தகம் வரும். வீட்டில்தான் இல்லை, புத்தகத்தில்கூடவா இருக்கக் கூடாது?

மதியம் மிச்சமிருந்த முட்டைகளை உடைத்து மறுபடி ஆரம்பித்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தேன். தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவை மூடினேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்குப் போனேன், பால்கனிக்குப் போனேன், சொட்டாத குழாயை இறுக்கினேன். ஓவனின் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. உள்விளக்கு என்றைக்கோ போய்விட்டது. ஊர் லிஃப்டுக்கெல்லாம் விளக்கு மாட்டியவன், வீட்டு ஓவனுக்கு மாட்டவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ மேலே ஏறுகிறது என்றால், ஒழுங்காகத்தான் ஏறுகிறதா என்று திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. தொழில் அப்படி.

கைப்பிடியில் கை வைத்த நேரம், பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

எதிர் வீட்டுப் பெண். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பழைய புத்தகத்தையும் அவள்தான் திருத்தினாள், புதியதும் அவள் கையில்தான். மாடிக்கு நாற்காலி கேட்டு வந்திருந்தாள்.

"பாக்குறேன்," என்றேன்.

"கேக் வேகும்போது திறந்தா பாப்பாங்க? நடு அமுங்கிடும்ல. காலைலயும் திறந்தீங்களா?"

"நாலஞ்சு தரம். சும்மா ஒரு பார்வை. திறக்கக் கூடாதுன்னு புத்தகத்துல எங்க போட்டிருக்கு?"

கிண்டல் செய்யப்போகிறாள் என்று சண்டைக்குத் தயாரானேன். அவள் முகம் மாறியது. கைப்பிடியிலிருந்து என் கையை எடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போட்டிருந்துச்சு அண்ணே. நான்தான் வெட்டிட்டேன்."

"என்னத்த?"

"அண்ணி எழுதிக் குடுத்ததுல ஒரு வரி. ‘கேக்கை உள்ளே வைத்ததும் வீட்டுக்காரரைப் பால் வாங்க அனுப்பவும்.’ தமாஷுக்கு எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன். சமையல் குறிப்புல எதுக்கு இதெல்லாம்னு எடுத்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் இல்ல. பால் தீர்ந்துபோயிருக்கும், போய்ட்டு வந்தேன். வீட்டுல என்ன இருக்கு என்ன இல்லன்னு அவளுக்கு எப்பவுமே தெரியாது."

"அண்ணிக்கா தெரியாது?" என்று கேட்டுவிட்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "கிளம்புங்க. நான் இங்க காவல் இருக்கேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடியே இறங்கினேன். பாதித் தெருவில் திரும்பிவிடலாமா என்று நின்றேன். இந்நேரம் எழும்பியிருக்குமா, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்குமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அங்கேயே நின்றால் கால் தானாகத் திரும்பிவிடும் என்று கடைக்கே போய்ச் சேர்ந்தேன்.

மூலைக் கடைக்காரர் சரியான வாயாடி. என்னைக் கண்டால் விடவே மாட்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை கதையை அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல் கேட்பார். என் கதைக்கு அப்படி ஒரு ரசிகர் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

"வாங்க சார். பால் வாங்க வந்து ரொம்ப நாளாச்சு," என்றவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "வீட்டுல கேக்கா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. "இனிமே சொன்னா என்ன சார். நீங்க படி இறங்கினதும் அம்மா ஃபோன் பண்ணிடுவாங்க. ‘அவர் வர்றார், கேக் வேகற வரைக்கும் பேச்சுக் குடுத்து உக்கார வைங்க, லிஃப்ட் கதையைக் கேளுங்க’ம்பாங்க. வெந்ததும் மறுபடி பண்ணுவாங்க. அப்புறம்தான் உங்களுக்குப் பாலே எடுத்துத் தருவேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். எத்தனை தடவை பாலோடு போய் அவளைத் திட்டியிருப்பேன். முன்கூட்டியே யோசிக்கத் தெரியாதா உனக்கு என்று கேட்பேன். அவள் கேக்கை வெட்டி முதல் துண்டை என் தட்டில் வைப்பாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், அழுகையாகிவிட்டது. கடைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் தீப்பெட்டி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "இன்னிக்கு யாரும் ஃபோன் பண்ணலையே?"

"எதிர் வீட்டம்மா பண்ணாங்க சார். இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கச் சொன்னாங்க. அந்த மாப்பிள்ளை கதையைச் சொல்லுங்களேன்."

சொன்னேன். மாப்பிள்ளை லிஃப்டை விட்டு வெளியே வருவதற்குள் ஃபோன் அடித்தது. கடைக்காரர் கேட்டுவிட்டு ஒரு பால் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "நீங்க வரலாமாம். நடு எழும்பி நிக்குதாம்."

படியில் இரண்டிரண்டாக ஏறினேன். மேஜைமேல் கேக் இருந்தது. அவள் செய்கிற மாதிரியே, நடுவில் லேசாக வெடித்து, உயர்ந்து. எதிர் வீட்டுப் பெண் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வரிய மறுபடி போட்டுடறேன் அண்ணே. சரியா?"

"போடு. அதுக்குக் கீழ, கடைக்காரருக்கு ஃபோன் பண்ணவும்னு சேத்துக்க."

அவள் எழுதிக்கொண்டாள். நான் பாலை வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு பாக்கெட் இருந்தது.