மகாராணிக்குத் தாய்மாமன் சீர்

கன்னிவாடிக்கு வெளியே, மக்காச்சோளம் அறுத்த காட்டில் விண்கப்பல் ஒன்று வந்து இறங்கியது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. பஜ்ஜிக் கடைகூட வந்துவிட்டது. நாகஜோதி மட்டும் கிட்டேயே போகவில்லை. கப்பல் வந்திருந்தது அவளுக்காக.

கைக்குழந்தையாக அவள் கிடந்ததும் இதே காட்டில்தான். அய்யம்மாள் எடுத்து வளர்த்தாள். கப்பலில் வந்த தூதுவர், வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலச் சுத்தத் தமிழில் விஷயத்தைச் சொன்னார். நூறு கோள்களை ஆண்ட மகாராணி இறந்துவிட்டார். அவருடைய உடலணுவிலிருந்து உருவாக்கி இங்கே ஒளித்துவைத்த நகல்தான் நாகஜோதி. அரியணை அவளுக்குத்தான். ஆனால் உட்காருமுன் அவள் நினைவையெல்லாம் துடைத்துவிட்டு, மகாராணியின் நினைவை ஊற்றிவிடுவார்கள். தாயோடு பிறந்தவன் சீர் சுமந்து வந்து அழைத்துப்போனால் மட்டும் அவள் வாரிசு, நினைவும் அவளுடையதே. பொழுது சாய்வதற்குள் யாரும் வராவிட்டால் வெறும் நகல். வானத்தில் போனாலும் தாய்மாமன் தொல்லை விடாது போலிருக்கிறது.

அய்யம்மாளுக்கு ஒரே தம்பி சோலைமலை, சின்னாளப்பட்டியில் சேலைக்கடை வைத்திருந்தார். அக்கா புதுவீட்டில் பால் காய்ச்சியபோது பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போனது. அன்றோடு பேச்சு நின்றது. நாகஜோதி வெற்றிலை பாக்குத் தட்டோடு ஸ்கூட்டியில் போய், விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழுதும் பார்த்தாள். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலை மடித்தார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு வீம்பா என்று நொந்துபோய்த் திரும்பினாள்.

பொழுது சாயக் கொஞ்ச நேரமே இருந்தது. தூதுவர் அவளைப் படியேறச் சொன்னார். அய்யம்மாள் கையை விடவில்லை. அம்மாவின் முகம்கூட நாளைக்கு ஞாபகம் இருக்காதே என்று நாகஜோதி அவளையே பார்த்தாள். அப்போதுதான் ரோட்டுப் பக்கம் மேளம் கேட்டது.

மேளக்காரர்கள் முன்னால் வந்தார்கள். பழத்தட்டும் தேங்காய்த்தட்டும் பின்னால் வந்தன. நடுவில் தலைப்பாகையோடு சோலைமலை, சுங்குடிச் சேலைத் தட்டைத் தானே சுமந்து வந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது.

தூதுவர் மறித்தார். அய்யம்மாள் இவளைப் பெறவே இல்லை, ரத்த சம்பந்தம் இல்லாதவர் எப்படித் தாய்மாமன் ஆவார் என்று கேட்டார்.

சோலைமலை தட்டை இறக்கவில்லை. "காது குத்துறப்ப எம் மடியிலதான்யா உக்காந்து கத்துச்சு. பட்டு வேட்டிய நனைச்சும் விட்டுச்சு. அதுக்கு மேல என்னய்யா ஒறவு வேணும்?"

தூதுவர் குனிந்து அவள் காதுகளைப் பார்த்தார். மகாராணிக்கு அந்தத் துளைகள் கிடையாது; இவை இந்த மாமன் மடியில் வந்தவை. அப்படியே சோளத்தட்டைக்கு நடுவே மண்டியிட்டார். கப்பலிலிருந்த அத்தனை பேரும் மண்டியிட்டார்கள். பெண்கள் போட்ட குலவையில் மேளச் சத்தமே அமுங்கிப்போனது.

சோலைமலை சேலையை அவள் தோளில் போர்த்தி மாலை போட்டார். முதல் ஆணை என்னவென்று தூதுவர் கேட்டார். நாகஜோதி யோசிக்கவே இல்லை.

"அந்த நெனப்ப ஊத்துற மிசின ஒடச்சுப் போடுங்க. அப்புறம், பட்டாபிசேகப் பத்திரிகையில எங்க மாமா பேரு மொதல்ல வரணும். கொட்டை எழுத்துல."

சோலைமலை மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, அத்தனை காலத்துக்குப் பிறகு அய்யம்மாளைப் பார்த்தார்.

"அக்கா, அங்க ஏன் நிக்கிற? ஏறு, நேரமாச்சு."