கம்பி கறுப்பது பற்றி ஒரு நோட்டீஸ்

1

வியாழக்கிழமை மாலை அத்தான் கடைக்கு வந்தார். கிட்டாரை என் வேலைமேசைமேல் படுக்கவைத்து, "பத்து நாளாச்சு மச்சான். பாரு, ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல" என்றார். பார்த்தேன். இல்லை. ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். மறுநாள் காலை, அவர் இசை ஆசிரியராக இருந்த பள்ளியில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, தோளில் கிட்டார் பையோடு படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

(மரணத்தை முதல் பத்தியிலேயே போட்டு உடைக்கக் கூடாது என்பார்கள். இந்தக் கதை ஒளித்துவைத்திருப்பது வேறொன்று. அதனால் பரவாயில்லை.)

உண்மையில் இது கதையாகத் தொடங்கவேயில்லை. கிட்டார் கம்பி சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று எங்கள் இசைக்கருவிக் கடைக்கு வந்து சண்டை பிடிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆளாளுக்கு விளக்கிச் சொல்லி வாய் வலிக்கிறது, ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடு, அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவோம் என்றார் முதலாளி. ஐந்து குறிப்புகள் போதுமாம். முதல் குறிப்புக்குப் பத்து நிமிடம் ஆனது. இரண்டாவதில் நின்றுவிட்டேன். 'வியர்வை' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிக்குப் பிறகு வந்ததுதான் இது.

2

இனி 'நான்' வேண்டாம். 'தம்பி' என்று வைத்துக்கொள்கிறேன். நாற்பத்தொரு வயதானாலும் அக்காவுக்கு அவன் தம்பிதான். படர்க்கையில் எழுதினால் இரண்டடி தள்ளி நின்று பார்க்கலாம்.

தம்பி அந்தக் கடையில் பழுதுபார்ப்பவன். கம்பி ஏன் கெடுகிறது என்பதில் அவனுக்கு மர்மம் ஒன்றும் கிடையாது. அழுத்துகிற ஒவ்வொரு முறையும் கிட்டாரின் கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகள் கம்பியை அடியில் அராவுகின்றன. காற்றின் ஈரம் துருவைக் கொண்டுவருகிறது. எல்லாவற்றுக்கும் மேல் வாசிப்பவரின் விரல். வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் உதிர்ந்த தோலும் தடித்த கம்பிகளின் சுருள் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓசை மங்கிவிடும். கை கழுவிவிட்டு வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் மேலும் அடியும் துடைக்கலாம். பெட்டியில் வைத்து மூடலாம். இதற்கெல்லாம் மசியாத கைகளுக்கு மெல்லிய பூச்சுக் கொடுத்த கம்பி இருக்கிறது.

அத்தானுக்கு ஒரு செட் கம்பி ஆறு வாரம் நிற்கும். வருடக்கணக்கில் அப்படித்தான். கடைசி வருடம் அது மூன்று வாரமானது. பிறகு பத்து நாள். பிறகு நான்கே நாள்.

3

"உங்க கையில வேர்வை வருதா, ஆசிட் வருதா அத்தான்?" என்று தம்பி கேட்டான்.

"பதினெட்டு வருஷமா உங்க அக்கா இந்தக் கையைப் பிடிச்சிருக்கா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. உன் கம்பிக்குத்தான் நோவுது" என்றார் அத்தான்.

தம்பிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. முதலில் கம்பி செய்தவர்களைத் திட்டினான். வேறு கம்பி மாற்றிப் பார்த்தான். துடைக்கத் துணி வெட்டிக் கொடுத்தான். அடுத்த முறை அந்தத் துணி திரும்பி வந்தபோது

(இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன். அப்படியே கிடக்கட்டும். துணி ஈரமாக இருந்தது.)

அது ஒரு திங்கள்கிழமை. குளிர் நாள், கடையில் மின்விசிறிகூட ஓடவில்லை. தம்பி அத்தானின் இடது கையைப் பிடித்து, மேசைவிளக்குக்கு அடியில் மல்லாத்திப் பார்த்தான். கை சில்லென்று இருந்தது. உள்ளங்கை ரேகைகளில் நீர் கோத்து நின்றது. பள்ளிக்கூடத்து மாடி ஏறினால் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது, வயசாகிறதே என்று அத்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தம்பி அதையும் கேட்டான். கேட்டுக்கொண்டே

விரல் நுனிகளைப் பார்த்தான். நுனிகளை மட்டும். தோல் காய்ப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு கறுப்பு ஒட்டியிருக்கிறது என்று.

"பூச்சுக் கம்பி போட்டுருவோம் அத்தான். பிரச்சினை முடிஞ்சிடும்."

முடிந்தது. கம்பி கறுப்பது நின்றது. கை ஏன் இப்படி வியர்க்கிறது என்று யோசிக்க அதன்பின் ஒருவருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பிற்பாடு ஒரு மருத்துவரிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். வியர்வைக்கு ஆயிரம் காரணம் இருக்கும், இதயமும் அதில் ஒன்று, கம்பியைப் பார்த்தெல்லாம் சொல்ல முடியாது என்றார். 'இருக்கலாம்' என்பதற்குமேல் அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்றுதான் போயிருந்தேன்.)

4

அக்கா அச்சகத்தில் வேலை செய்கிறாள். கணினியில் பக்கம் அமைப்பது அவள்தான். கடையின் நோட்டீஸ்கள் எல்லாம் அவள் கையால் அடிக்கப்பட்டே வெளியே வரும்.

அத்தான் போன மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "கடைசி மாசத்துல அவர்கிட்ட ஏதாவது வித்தியாசமாப் பாத்தியாடா?"

"இல்லக்கா."

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் மறுபடி அதே கேள்வி. அதே பதில். அப்போது அவள் ஒன்று சொன்னாள். "கூடவே இருந்திருக்கேன். எனக்குத் தெரியாமப் போச்சு பாரு."

தம்பி சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அந்தப் பழி அவள் தலையில் இருந்தது. தன்மேல் விழ வேண்டியதில் பாதியையாவது அவள் சுமக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும்.

இப்போது நோட்டீஸ். இரண்டாவது குறிப்பை யோக்கியமாக எழுதினால், அதன் கடைசியில் இந்த வரி வந்தாக வேண்டும்:

'வாரக்கணக்கில் நின்ற கம்பி, காரணமில்லாமல் நான்கைந்து நாளில் கறுக்கத் தொடங்கினால், கம்பியை மாற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். கை ஏன் இப்படி வியர்க்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.'

இதை அக்கா எழுத்து எழுத்தாக அடிப்பாள். அடித்து முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிடும். வரியை விட்டுவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நோட்டீஸை வாங்கிப் போகிறவர்களுக்கும் தெரியாது. பக்கம் நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மணி மூன்றே கால்.

5

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் தம்பி வரியை எடுத்துவிடுகிறான். ஐந்து குறிப்புகளும் பளிச்சென்று அச்சாகின்றன. அதற்குப்பின் அக்கா எப்போது போன் செய்தாலும் முதல் மணியை அடிக்கவிட்டு இரண்டாவது மணிக்குத்தான் எடுக்கிறான்.

இரண்டாவதில் வரியை அனுப்புகிறான். அக்கா அடித்துக் கொடுத்துவிடுகிறாள். ஒன்றுமே கேட்பதில்லை. (இதை எழுதும்போதுதான் என் கை நின்றது. மூன்றிலும் எனக்குப் பயமாக இருப்பது இது.)

மூன்றாவதில் அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அத்தானின் தலையணை உறை வியர்வையில் நனைந்திருப்பதை அவளும் பார்த்தவள்தான், இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அது எனக்கு வசதியான முடிவு. அந்தக் காரணத்தாலேயே அதை நம்ப முடியவில்லை.

6

மூன்று ஐம்பதுக்குத் தம்பி பக்கத்தை அனுப்பினான். நாலு பத்துக்குப் போன் வந்தது.

"ரெண்டாவதுல கடைசியா ஒண்ணு எழுதியிருக்கியே. அது இருக்கட்டுமா, எடுத்துடவா?" அச்சகத்துக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கும் குரல். பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்க்கா."

இயந்திரச் சத்தம் மெல்லக் குறைந்தது. அவள் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும்.

"எப்படா பாத்தே?"

"அந்தத் திங்கக்கிழமை. அவர் கையைப் பிடிச்சுப் பாத்தேன்க்கா."

தம்பியை இங்கேயே இறக்கிவிடுகிறேன். போனைப் பிடித்திருந்தது நான்.

அதற்குப் பிறகு அக்கா பேசினாள். என்ன பேசினாள் என்று எட்டு வரி எழுதினேன். எட்டும் அவளைவிட என்னைப் போலவே பேசின. கோடு போட்டு அடித்துவிட்டேன். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அந்த இடத்தில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை அச்சில் போடும் உரிமை எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் கட்டு வந்து இறங்கியது. வியர்வைக்கு எதற்கு மருத்துவர் என்று முதலாளி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார். ஒரு பிரதியை எடுத்து என் கைப்பிரதியோடு ஒத்துப் பார்த்தேன். முதல் குறிப்பில் அக்கா இரண்டு பிழைகளைத் திருத்தியிருந்தாள். மூன்றாவதைச் சுருக்கியிருந்தாள். ஐந்தாவதில் ஒரு சொல் காணோம். இரண்டாவது குறிப்பு நான் அனுப்பியபடியே இருக்கிறது.