ரஹ்மியின் எடை

தெலுக் பாசாங் தொடக்கப் பள்ளியில் சுனாமி ஆபத்துக்காலப் பயிற்சி முதன்முதலாக நடந்த புதன்கிழமை, காலை ஒன்பதே காலிலிருந்து ஒன்பது ஐம்பதுவரை, இரண்டாம் வகுப்பு ரஹ்மியை யாராலும் தூக்க முடியவில்லை. முதலில் வகுப்பாசிரியை யுஸ்னிதார் கையைப் பிடித்து எழுப்பிப் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியர் நஸ்ருல், பிறகு படகுத்துறையிலிருந்து ஓடிவந்த ஆறு சுமைக்காரர்கள். கடைசியில் படகு இழுக்கும் கயிற்றைக் கொண்டுவந்து அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலில் கட்டி இழுத்தார்கள். எண்ணூறு கிலோ தாங்கும் என்று கடைக்காரன் சத்தியம் செய்து விற்ற கயிறு அது, அறுந்துபோனது. பெஞ்சின் நான்கு கால்களும் சிமெண்டுத் தரையில் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தன. ரஹ்மி அழவில்லை, அடம்பிடிக்கிற முகமும் அவளுக்கு இல்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பயிற்சி முடிந்ததற்கு அடையாளமாக, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த இரும்பு வளையத்தை மூன்று முறை தட்டியதும் எழுந்து, பத்தொன்பது கிலோ எடையுள்ள மற்ற பிள்ளைகளைப் போலவே துள்ளி ஓடி, வாசலில் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டாள். நஸ்ருல் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், பங்கேற்காதவர் ஒருவர், காரணம் எடை, என்று எழுதினார். அங்கிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை.

யுஸ்னிதார் மலைநாட்டுக்காரி. மாற்றலாகி இந்தக் கரைக்கு வந்து நான்கு வருடமாகியும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றதில்லை. அதனால்தானோ என்னவோ, பயிற்சிப் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள். அவள் அதைப் பாடமாகவே எடுத்தாள். தரை ஆடினால் பெஞ்சுக்கு அடியில் போக வேண்டும், பையைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். ஆட்டம் நின்றதும் பையை விட்டுவிட வேண்டும், செருப்பைத் தேடக் கூடாது, பெரியவன் சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு காசுக்கட்டித் தோட்டம் இருக்கும் குன்றுக்கு நடக்க வேண்டும். இவ்வளவையும் பிள்ளைகள் ஒரே வாரத்தில் படித்துவிட்டார்கள். கடைசி விதியில்தான் ஊரே கொதித்தது. வீட்டுக்கு ஓடக் கூடாது, அம்மாவைத் தேடிப் போகக் கூடாது. அம்மா தானாக மேலே வருவாள், அங்கே பார்த்துக்கொள்ளலாம். பெற்றோர் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, "பெத்தவளை விட்டுட்டு ஓடுன்னு சொல்லிக்குடுக்கவா டீச்சர் உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டாள். யுஸ்னிதார் பொறுமையாகச் சொன்னாள்: "பிள்ளை உங்களைத் தேடி கீழ வரும், நீங்க பிள்ளையைத் தேடி ஸ்கூலுக்கு வருவீங்க. ரெண்டு பேரும் நடுரோட்டுல ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு நிப்பீங்க. தண்ணி யாரையும் தேடாது, நேரா வரும்." கூட்டம் அடங்கியது. மறுமாதம் முதல் தாய்மார்களும் வளையச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் குன்றேறத் தொடங்கினார்கள். ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி ரஹ்மியின் அம்மா அஸ்னி. படகுத்துறை முக்கில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் தூரத்தில் பெக்கான்பாரு நகரத்தில் பஸ் ஓட்டினான், நோன்புப் பெருநாளுக்கு வருவான். ஐந்து மாதம், ஐந்து பயிற்சி; ஐந்திலும் ரஹ்மி கனத்தாள், ஐந்திலும் யுஸ்னிதார் மற்ற இருபத்தேழு பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையோடு அனுப்பிவிட்டு இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நஸ்ருல் ஒருநாள் தயங்கியபடி, "நிஜமா வந்தா என்ன டீச்சர் செய்வீங்க? அப்பவும் இவ பக்கத்துலயே உக்காருவீங்களா?" என்று கேட்டார். யுஸ்னிதாருக்குப் பதில் தெரிந்திருந்தது. அது தெரிந்திருந்ததுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

அவள் அஸ்னியிடம் போனாள். அஸ்னி தலையைத் தூக்காமல், "எண்ணெய் காயுது டீச்சர். சொல்ல வேண்டியதை இந்த ரெண்டு பழம் பொரியறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றாள். அன்று இரண்டு பழத்துக்குள் முடியவில்லை. அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். தினமும் இரண்டு பழம் வாங்கித் தின்று அந்த மாதம் அவளே ஒன்றரைக் கிலோ கூடினாள். ஏழாவது நாள், மழை தூறி ஆளில்லாத மத்தியானம், அஸ்னி அடுப்பைத் தணித்துவிட்டுத் தானாகவே பேசினாள். விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

ஏழு வருடம் முன்பு ஒரு பூகம்பம். ரஹ்மி அப்போது நாற்பது நாள் குழந்தை. அஸ்னியை வளர்த்தவன் அவள் அண்ணன் தாஸ்ரில். ஒரு படகுக்கும் துறைமேடைக்கும் நடுவில் இடது காலைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வலை பின்னிக்கொண்டு அவள் வீட்டிலேயே இருப்பவன். அந்த ஊரில் வீடு பெண்ணுடையது, ஆனால் தாய்மாமன் சொல்லுக்குத்தான் வீடு எழுந்திருக்கும். குழந்தையை ஒரு கையிலும் அண்ணனை மறு தோளிலுமாகத் தாங்கி அஸ்னி குன்றுப் பாதையின் முதல் வளைவுவரை வந்துவிட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. வளைவில் அவனை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையோடு மேலே ஓடினாள். அன்று தண்ணீர் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது தாஸ்ரில் வைத்த இடத்திலேயே உட்கார்ந்து, ஒரு புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு எச்சரிக்கை என்று யார் கத்தினாலும் அவன், "நான் கடலைப் பாத்துப் பயந்து ஓடற ஆளில்லை" என்பான். அவளும், "எனக்கு அடுப்பு வேலை இருக்கு" என்பாள்.

"ஒரு தடவை இறக்கி வச்சேன் டீச்சர். இன்னொரு தடவை இறக்கி வைக்க என்னால முடியாது. அதுக்குத் தண்ணியே வரட்டும்."

"ரஹ்மிக்கு இது தெரியுமா?"

"யாரும் சொல்லலை. பிள்ளைங்களுக்குச் சொல்லியா தெரியணும்?"

யுஸ்னிதார் அண்ணனிடம் போய் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கைப்பந்து வலை கிழிந்திருக்கிறது, வந்து பின்னித் தர முடியுமா என்று மட்டும் சொல்லியனுப்பினாள். வலை கிழிந்திருந்ததும் உண்மைதான். தாஸ்ரில் ஊன்றுகோலோடு புதன்கிழமை காலை வந்து, இரண்டாம் வகுப்பு வாசலில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினான். ஒன்பதே காலுக்கு வளையம் அடித்தது. பெஞ்சுக்கு அடியில் போன பிள்ளைகள் வெளியே வந்து, கை கோத்து, பேசாமல் அவனைக் கடந்து போனார்கள். உள்ளே ஒரே ஒரு பிள்ளை இருந்தது. மருமகளின் எடையைப் பற்றி டீக்கடையில் முட்டை டீ குடிக்கும்போது அவனும் கேட்டுச் சிரித்திருக்கிறான். பிடிவாதக்காரி, நம்ம ரத்தம், என்றுகூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இப்போது கோலை ஊன்றி உள்ளே போனான்.

"எந்திரி, போ. எல்லாரும் போறாங்கல்ல?"

"நீங்க போகலையே மாமா."

"எனக்குக் கால் இல்லை. உனக்கென்ன?"

"நீங்க வரலைன்னா அம்மா வரமாட்டாங்க. அம்மா வரலைன்னா மேல போய் நான் யாரைப் பார்க்கறது?"

தாஸ்ரில் குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். முப்பது வருடம் நங்கூரம் இழுத்த கை அது. அவள் சட்டையின் மடிப்புகூட அசையவில்லை. அவன் மறுபடி முயற்சி செய்தான், பிறகு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கால் இடிக்க அந்தச் சின்னப் பெஞ்சில் அவளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தான். மறுபக்கம் யுஸ்னிதார் உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் ஒன்பது ஐம்பதுவரை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையம் மூன்று முறை அடித்து ரஹ்மி ஐஸ்காரனிடம் ஓடிய பிறகு, அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, "அடுத்தது எப்போ டீச்சர்?" என்று கேட்டான்.

அடுத்த பயிற்சிக்கு ஒரு மீன் தள்ளுவண்டியும் இரண்டு சுமைக்காரர்களும் அவன் வாசலில் நின்றார்கள். "மீன் வண்டியில ஏத்தறீங்க, சரி. ஐஸ்கட்டி போட மறந்துடாதீங்கடா, கெட்டுப்போயிடுவேன்" என்றான் தாஸ்ரில். ஊர் சிரித்தது, அவனும் சிரித்தான், அஸ்னி மட்டும் வண்டிக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். பள்ளியில் ரஹ்மி வளையம் அடித்ததும் பெஞ்சுக்கு அடியில் போனாள், வெளியே வந்தாள், ஒரு ஒன்றாம் வகுப்புக்காரனின் கையைப் பிடித்தாள், நடந்தாள். மேலே யுஸ்னிதார் தலைகளை எண்ணியபோது முதல் முறையாக இருபத்தெட்டு வந்தது. அவள் மறுபடியும் எண்ணினாள். சந்தேகத்துக்காக இல்லை, அந்த எண்ணை இன்னொரு தரம் சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

நிஜமானது மறு வருடம் பிப்ரவரியில், பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு திங்கள்கிழமை வந்தது. காலை பத்து நாற்பதுக்குத் தரை ஒன்றரை நிமிடம் ஆடியது; நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் படுத்தார்கள். வளையத்தை யாரும் அடிக்கவில்லை, அது தானாகவே கொக்கியில் ஆடி அடித்துக்கொண்டது. ஆட்டம் நின்றதும் பிள்ளைகள் பைகளை விட்டுவிட்டு, கை கோத்து, சத்தமில்லாமல் நடந்தார்கள். ரஹ்மி ஒருமுறை படகுத்துறை முக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யுஸ்னிதார் அவள் கால்களையே பார்த்தாள். ஆனால் கனக்கவில்லை, பிள்ளை தன் எடையோடு நடந்து மேலே வந்தது. இருபத்தெட்டு. ஒன்பது நிமிடம்.

குன்றின் மேலிருந்து கடல் பின்வாங்குவது தெரிந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், ரஹ்மி மட்டும் பாதையைப் பார்த்தாள். தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளைகளைத் தொட்டுக்கொண்டார்கள். மீன் வண்டி அன்று ஐஸ் ஏற்றப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தது என்று ஒரு சுமைக்காரன் சொல்ல, யுஸ்னிதார் அதைக் கேட்டாள்.

"டீச்சர், அம்மா வருவாங்கல்ல?"

"வருவாங்க."

அதைச் சொன்னபோது யுஸ்னிதாரின் கால்கள் மண்ணில் இறங்கத் தொடங்கின. முதலில் செருப்பு மறைந்தது, பிறகு கணுக்கால். அவள் குனிந்து பார்க்கவில்லை. பதினொரு நிமிடம். பதினான்கு. அம்மாவை விட்டுவிட்டு வா என்று சொல்லிக்கொடுத்தவள் தான்தான் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைவில்லை.

கீழே நடந்ததை அஸ்னி பிறகு சொன்னாள். அண்ணனைத் தோளில் தாங்கி அதே முதல் வளைவுவரை வந்திருக்கிறாள். அங்கே முழங்கால் மடங்கிவிட்டது. அவன், "இங்கயே இறக்கு, பழகுன இடம்தான்" என்றிருக்கிறான். "வாயை மூடு அண்ணே" என்றிருக்கிறாள், அண்ணனை அப்படிப் பேசியது வாழ்நாளில் அதுதான் முதல் தரம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியபடி நின்றபோது அவன் மெல்லச் சொன்னானாம்: "எனக்கும் மேல போகணும் அஸ்னி. அன்னிக்கும் போகணும்னுதான் இருந்தது." சொன்ன உடனே தோளில் பாரம் குறைந்தது. மூங்கில் புதர் வரும்போது அவன் ஒரு காய்ந்த வலையின் எடைதான் இருந்தான். அவள் அவனைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். உச்சிக்குப் பக்கத்தில் காற்று பலமாக வீச, பறந்துவிடாமல் சட்டையைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

பாதையில் அவள் முக்காடு தெரிந்ததும் ரஹ்மி ஓடவில்லை. வரிசையை விட்டு ஓடக் கூடாது என்று படித்திருந்தாள். அவர்கள் கிட்டே வந்ததும், "பதினேழு நிமிஷம் மாமா" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உதடு கோண அழுதாள். தாஸ்ரில் அஸ்னியின் இடுப்பிலிருந்தபடியே ரஹ்மியின் தலையில் கை வைத்தான். அஸ்னி அவர்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், இறக்கி வைக்கவில்லை. யுஸ்னிதார் கால்களை மண்ணிலிருந்து உருவிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது கீழே தண்ணீர் வந்தது. படகுத்துறையையும், முப்பத்தொரு படகையும், பள்ளியின் இரண்டு வகுப்பறைகளையும், அஸ்னியின் வாணலியையும் கொண்டுபோனது. ஆள் யாரும் போகவில்லை. மாலையில் பக்கத்து ஊரார் வந்து இறந்தவர்கள் எத்தனை என்று கேட்டபோது, தெலுக் பாசாங் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல எண் இல்லாமல் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இறங்கும்போது தாஸ்ரில் பழைய எடைக்கு வந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிய இரண்டு சுமைக்காரர்களும் வழியெல்லாம் முணுமுணுத்தார்கள்.

பள்ளியை மறுபடி கட்டி எட்டு வருடமாகிறது. பயிற்சி மாதாமாதம் நடக்கிறது, எப்போதாவது ஒரு பிள்ளை கனத்துப்போகிறது. இப்போதெல்லாம் யாரும் கயிறு கொண்டுவருவதில்லை, பிள்ளையையும் எதுவும் கேட்பதில்லை. ஆசிரியை பெயரைக் குறித்துக்கொண்டு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகிறாள், அங்கே மேலே வராதவர் யார் என்று விசாரிக்கிறாள். இரவெல்லாம் மீன்பிடித்துவிட்டுக் காதில் பஞ்சு வைத்துத் தூங்கும் ஒரு அப்பா இருந்தார். அவரை எழுப்ப ஆள் போட்டார்கள். நிறைமாதமாக இருந்த ஒரு சித்திக்கு நாற்காலி போட்ட வண்டி வந்தது. போன மாதம் நான்காம் வகுப்பு ஃபித்ரி கனத்தான். யுஸ்னிதார் போய்ப் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் வருகிறவர்கள்தான், ஆனால் கொல்லையில் அவன் வளர்த்த எருமை ஒன்று சினையாக இருந்தது. ஊர்க்கூட்டம் கூடி, அரை மணி நேரம் பேசி, குன்றுப் பாதையை எருமை ஏறும் அளவுக்கு இரண்டு முழம் அகலப்படுத்தியது.