ஐந்தில் வைத்த அலாரம்

கம்பெனியில் அவளுக்குச் சைரன் என்று பெயர். மின்சாரக் கார்களின் அலாரத்தைச் சோதிப்பது அவள் வேலை என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் பக்கத்துக் கட்டடம்வரை கேட்கும் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்வார்கள், இரண்டாவதை அவள் நகர்ந்த பிறகு. இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டிலும் அவளுக்கு வருத்தமில்லை.

புதிய காரின் அலாரத்தை ஒன்றிலிருந்து ஏழுவரை எந்த நிலையிலும் வைக்கலாம். ஒன்றில் வைத்தால் கார் கும்பகர்ணன். ஏழில் வைத்தால் ஈ உட்கார்ந்தாலும் ஊரைக் கூட்டும். விற்பனைக்கு அனுப்பும்போது எதில் வைத்து அனுப்புவது என்பதில்தான் தகராறு. ஐந்து என்றாள் சைரன். மூன்று என்றார் பிரிவுத் தலைவர். காபிக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை, கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம், எந்தச் சண்டைக்கும் மூன்றாவது வழி என்று வாழ்கிற மனிதர். அவரை எல்லோரும் மூணு சார் என்பார்கள்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சும்மா சும்மா அலறுகிற அலாரத்தைச் சொந்தக்காரனே ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவான், நிறுத்திய அலாரத்தால் யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்டார். சைரன் சோதனைக் கொட்டகைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பின்சக்கரத்தின் அருகே குனிந்து ஜாக்கியைச் செருகினாள். அதன் தலை காரைத் தொட்டதிலிருந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டே, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் திருகினாள். மூன்றாம் நிலையில் ஒன்பது சுற்றுவரை கார் வாயே திறக்கவில்லை, அதற்குள் டயர் தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. ஐந்தாம் நிலையில் இரண்டாவது சுற்று முடிவதற்குள் கத்திவிட்டது.

"ஒம்பது சுத்துக்குள்ள ஒரு சக்கரத்தையே கழட்டிட்டுப் போயிடுவான் சார். அதுக்கப்புறம் கத்தி என்ன, கத்தாம என்ன?"

இதைக் கொட்டகையில் கூடியிருந்த பதினெட்டுப் பேர் முன்னிலையில் சொன்னாள். மூணு சார் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியானால் வீட்டு வாரத்தில் பார்த்துக்கொள்வோம் என்றார்.

வீட்டு வாரம் அந்தக் கம்பெனியின் வழக்கம். எந்த எண்ணைச் சிபாரிசு செய்கிறார்களோ அதில் வைத்து, சோதித்தவர் வீட்டு வாசலிலேயே ஏழு நாள் காரை நிறுத்த வேண்டும். அசையாமல், பூட்டி, அலாரத்தோடு. தெருவில் நடப்பது நடக்கட்டும். காரணமில்லாமல் ஒரு தடவை அலறினால் மன்னிப்பு. இரண்டாவது தடவை அலறினால் சிபாரிசு குப்பைக்கூடைக்குப் போகும். திங்களில் தொடங்கி ஞாயிறுவரை வாரம். அதற்கு மறுநாள் முடிவு. ஐந்து தோற்றால் மூன்று என்பது பேச்சு. சைரன் சரி என்றாள். தன் எண்ணின் மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் தெரு சோதனைக்கென்றே செய்து வைத்த மாதிரியானது. எதிர்வீட்டுத் தச்சரின் இரும்புக் கதவு சாத்தும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். மாலையானால் பிள்ளைகள் பந்தோடு இறங்கிவிடும். குப்பை லாரி ஒன்று தினமும் முக்கி முனகிக்கொண்டு வரும். இவை போதாதென்று மூலைவீட்டுக்காரரின் பழைய ஸ்கூட்டர், அது கிளம்புவதற்குமுன் நாலு வெடி வெடிக்கும். அந்த வாரம் முழுக்க அவள் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். இருட்டிய பிறகு திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனில் காரின் அலறல் பதிவைப் பார்ப்பாள். திங்கள் பூஜ்யம். செவ்வாய் பூஜ்யம். வெள்ளிவரை வரிசையாக ஐந்து பூஜ்யம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூணு சாருக்கு எப்படி மூக்கு உடையாமல் விஷயத்தைச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் அவளோடு அவள் கணவனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் நடக்கப் பழகியவன். அவன் அம்மா, இவளுக்கு அத்தை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்பது கட்டில் வார்டை ஒரே பார்வையில் அடக்கியவள் என்று சொல்வார்கள். மருமகளின் வேலையைப் பற்றி அத்தைக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. யாராவது கேட்டால், கார் காரா உலுக்கிப் பாத்துட்டு வரா என்று முடித்துவிடுவாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கிய சைரன் அப்படியே நின்றுவிட்டாள். குப்பை லாரி முனையிலேயே இன்ஜினை நிறுத்திக்கொண்டு நின்றது. குப்பைக்காரர் இருவர் தெருவுக்குள் நடந்து போய், வீடு வீடாகக் கூடையைக் கையில் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். மூலைவீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே வந்தார், நெற்றியில் வியர்வை. தச்சர் தன் இரும்புக் கதவை, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல, இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தினார். பந்து விளையாடும் பிள்ளைகள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஏதோ சீட்டு ஆடிக்கொண்டிருந்தன. அவள் தெருவா இது என்று சைரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தச்சரிடம் போய் என்ன விஷயம் என்று கேட்டாள். அவர் உதட்டில் விரல் வைத்தார். பிறகு கிசுகிசுத்தார்.

"இன்னும் ஒரு நாள்தானே தங்கச்சி. உங்க அத்தை எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. கார் கத்தினா உன் வேலைக்கே ஆபத்தாமே. நாங்க பாத்துக்கறோம், நீ கவலைப்படாதே."

சைரனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது நொடியில் அந்த ஐந்து பூஜ்யமும் என்னவென்று புரிந்து, சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வீட்டில் அத்தை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் காரின் நாலு பக்கமும் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து, மருமகள் பஸ் ஏறியதும் அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் பேப்பர். இது கணவனுக்கும் தெரியுமாம். தச்சர் வீட்டுக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்ததே அவன்தானாம். அவன் சமையலறையில் எதையோ தேடுவதுபோல் நின்றான். கையும் களவுமாக அகப்பட்டவன் முகம் எல்லோருக்கும் ஒன்றுதான், கண்ணாடிக் கடைக்காரனுக்கும்.

அத்தை எதையும் மறைக்கவில்லை. செய்ததை நல்ல காரியமாகவே சொன்னாள். பதினெட்டுப் பேர் முன்னால் சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறாய், தோற்றுப்போய் நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதை நான் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். சைரன் கத்தவில்லை. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அத்தை, பேஷண்டுக்குக் காய்ச்சல் இருக்கான்னு டாக்டர் கேட்டா, தெர்மாமீட்டரைப் பச்சத்தண்ணில முக்கிட்டுக் காட்டுவீங்களா?"

அத்தை மடியிலிருந்த பேப்பரை மடித்து வைத்தாள்.

"நீங்க எனக்கு உதவி பண்ணல. நான் வச்ச நம்பர் நிக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. மூணு சார்கூட அப்படி முடிவு பண்ணல, சோதிச்சுப் பாருன்னுதான் சொன்னார்."

இது உள்ளே போய்த் தைத்தது. சொன்னவளுக்கும் வலித்தது. அத்தை எழுந்து நாற்காலியைச் சுவரோரம் போட்டாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். சைரன் அன்று சாயங்காலமே மூணு சாருக்குப் போன் செய்து நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள், இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டாள். அவரோ, முடிவு திங்கட்கிழமை என்பது எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, கையில் பதிவு எதுவும் இல்லையென்றால் மூன்றுதான், ஒரு நாள் மிச்சமிருக்கிறது அல்லவா என்றார். ஒரு நாள் போதும் சார் என்றாள் அவள். வீறாப்புக்குச் சொல்லவில்லை. ஐந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஊருக்குக் காட்ட ஒரு பகல் போதும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அத்தை வெளுத்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வேலையில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போன புடவை. வீடு வீடாகப் போய்க் கட்டளையை வாபஸ் வாங்கினாள். எல்லாரும் அவரவர் குணத்துக்கு இருங்கள், ஆறு நாள் அடக்கி வைத்ததையும் சேர்த்து இன்றைக்கே காட்டுங்கள் என்று உத்தரவு. தெருவுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தவர்கள் படமெடுத்து ஆடினார்கள். தச்சர் இரும்புக் கதவை ஆறு தடவை ஓங்கிச் சாத்தினார், ஏழாவதைத் தன் திருப்திக்காகச் சாத்தினார். ஸ்கூட்டர் நாலுக்குப் பதில் பத்து வெடி வெடித்தது. குப்பை லாரி காரின் பக்கத்திலேயே நின்று முக்கியது. சார்ஜரை மாட்டியபோது பேட்டரியைக் குளிர்விக்கும் காரின் சொந்த விசிறி ஓடியது. தன் விசிறிக்கே பயந்து அலறும் கார்களும் உலகத்தில் உண்டு, இது அலறவில்லை.

அத்தை கையில் ஓர் அட்டையும் பேனாவும். கட்டில் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டைபோல் கோடு போட்டு, நேரம், நடந்தது, கத்தியதா இல்லையா என்று மணி மணியான எழுத்தில் எழுதினாள். மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளும் பேசவில்லை. முப்பத்தொரு வரியில் 'இல்லை' என்று விழுந்தது. நாலே கால் மணிக்குப் பந்து முன்கண்ணாடியின் நட்டநடுவில் படீரென்று மோதியது. கார் அலறியது. அத்தை கொஞ்சமும் தயங்காமல் 'கத்தியது' என்று எழுதினாள்.

மன்னிப்பு தீர்ந்தது. இனி ஒன்று வந்தால் கதை முடிந்தது. பந்தடித்த பிள்ளைகள் பேயறைந்த மாதிரி நின்றன. விளையாடுங்கள், நிறுத்தக் கூடாது என்று சைரனே அவர்களை விரட்டினாள். அவர்கள் விளையாடினார்கள். பந்து கதவில் பட்டது, சக்கரத்தில் பட்டது, கூரையில் உருண்டது. கார் பேசாமல் நின்றது. ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயின. சைரன் டீ போட உள்ளே வந்தாள். பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

அப்போது கார் அலறியது.

அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. வாசலுக்கு ஓடினாள். தெருவே வெளியே வந்து நின்றது. தச்சர் தன் கதவைத் தொடவேயில்லை என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் மண்டியிட்டிருந்தாள் அத்தை. சோதனைக்கென்று மருமகள் கொண்டுவந்து வராந்தாவில் வைத்திருந்த ஜாக்கி காரின் அடியில் இருந்தது. அதன் கைப்பிடி அத்தையின் கையில் இருந்தது.

"காலைலேந்து கத்தக் கூடாததுக்குக் கத்துதான்னுதான் பாத்தோம்," என்றாள் அத்தை, அலறலுக்கு மேலே குரலை உயர்த்தி. "கத்த வேண்டியதுக்குக் கத்துதான்னு யாரும் பாக்கலியே. நர்ஸ் கை, எவ்வளவு மெதுவாத் திருகியிருப்பேன்னு நீயே பாத்துக்கோ. ஒன்றரைச் சுத்து. எழுதிக்கோ."

சைரன் அலாரத்தை நிறுத்தினாள். அட்டையை வாங்கி, ஒன்றரைச் சுற்று, கத்தியது என்று எழுதினாள். அவள் அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. அத்தையைத் தூக்கி நிறுத்தி முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அவள் முதலில் ஆறு நாள் பதிவையும் தானே கோடு போட்டு அடித்தாள், பிறகு அந்த அட்டையை மேஜையில் வைத்தாள். மூணு சார் வரி வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் ஜாக்கியைத் திருகியது யார் என்று கேட்டார். அத்தை என்றாள். அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். பந்து வரியை மறைக்காமல் எழுதியிருப்பதைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். ஒரு நாளை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது, ஆனால் இதைப் பார்த்த பிறகு மூன்று என்று எழுதவும் கை வரவில்லை என்றார். முடிவை ஒரு வாரம் தள்ளினார். கார் அவர் வீட்டு வாசலில் நிற்கும், ஐந்திலேயே நிற்கும் என்றார்.

அடுத்த திங்கள் காலை அவர் கொடுத்த தாளில் ஏழு நாளுக்கும் சேர்த்து ஓர் அலறல் இருந்தது. காரணம் என்ற இடத்தில், மாடியிலிருந்து விழுந்த பூந்தொட்டி என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஐந்து என்று எழுதி, கையெழுத்து.

சைரன் தாழ்வாரத்துக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். அவள் குரல் பக்கத்துக் கட்டடத்துக்கும் கேட்டிருக்கும்.

"அத்தை, அஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டுட்டார்."

"போடாம?" என்றாள் அத்தை. "எனக்குத்தான் ஞாயித்துக்கிழமையே தெரியுமே. நானே ஜாக்கி வச்சுப் பாத்தேனே."