முதுகில் அச்சடித்த பெருமை

போன வருட விடுமுறையில், யாரையும் கேட்காமல் இந்த ஏரிக்கரையில் முப்பது பூச்செடிகளை நட்டோம். ‘இந்தக் கரையில் செடி நட்டவன் நான்’ என்று முதுகில் அச்சடித்த பனியனோடுதான் என் கணவர் இந்த வருடமும் தொண்டு செய்யக் கிளம்பினார். போய்ப் பார்த்தால் கரை முழுக்க அதே பூ.

ஏரிக் காவலர் ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுத்தார்.

“எல்லாத்தையும் வேரோட பிடுங்கணும்மா. வேற ஒரு புல்லைக்கூட வளரவிடாது இந்தச் சனியன். எந்தப் புண்ணியவானோ நட்டுட்டுப் போயிட்டான்.”

கணவர் முதுகைக் காட்டாமலே பின்னால் நகர்ந்து, புதருக்குள் போய், பனியனைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். என் வாயாவது சும்மா இருந்ததா? “அவனை மட்டும் சும்மா விடாதீங்க” என்றேன்.

காவலர் நெகிழ்ந்துபோனார்.

“உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா.”